எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் சாப்பிடக் கற்றுக்கொள்வது: முதல் மிடறிலிருந்து பசி திரும்பும் நாள் வரை

எனக்கு ஸ்லீவ் அறுவை சிகிச்சை நடந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. புதிதாகச் செய்துகொள்பவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது. ஆட்கள் மாறுகிறார்கள், இடறும் இடங்கள் மாறுவதே இல்லை. எதைச் சாப்பிடலாம் என்ற பட்டியல் எல்லோர் கையிலும் இருக்கிறது. எதற்குப் பிறகு எது, எவ்வளவு மெதுவாக, எத்தனை மணிக்கு என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

முதல் சில மாதங்களுக்குப் பசியும் தாகமும் நம்பத்தக்க சாட்சிகள் அல்ல. கடிகாரம்தான் சாட்சி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால் கீழே உள்ள வரிசை ஏன் இப்படி இருக்கிறது என்பது புரியும்.

ஸ்லீவ் என்பது இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் வெட்டி எடுத்து, எஞ்சியதைக் குழாய்போல் விடுவது. பைபாஸ் என்பது மேற்பகுதியில் சிறு பையை மட்டும் பிரித்து, சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைப்பது. இங்கே சொல்வது பெரும்பாலும் இரண்டுக்கும் பொருந்தும். வேறுபடும் இடத்தில் சொல்லியிருக்கிறேன். உங்கள் மருத்துவர் தந்த அட்டவணை இதிலிருந்து மாறினால், அவருடையதே சரி. உங்கள் வயிற்றை உள்ளே பார்த்தவர் அவர்தான்.

1. மருத்துவமனைக்குப் போகும் முன் வீட்டில் தயாராக இருக்க வேண்டியவை

திரும்பி வந்த பிறகு கடைக்கு அலையத் தெம்பு இருக்காது. 30 மி.லி. அளவுக் கோப்பை, குழந்தைக்கு ஊட்டும் சிறு கரண்டி, சிறு தட்டு, மெல்லிய வடிகட்டி, அரைக்கும் இயந்திரம், வெப்பமானி, ஒரு குறிப்பேடு ஆகியவற்றை முன்பே வாங்கி வையுங்கள். முதல் வாரங்களுக்கு மென்று தின்னும் அல்லது திரவ வடிவ வைட்டமின்கள் வசதி.

புரதப் பொடியைப் பெரிய டப்பாவாக வாங்காதீர்கள். அறுவைக்குப் பின் நாக்கின் ருசி மாறிவிடும். முன்பு பிடித்தது திகட்டும். என் வீட்டில் இரண்டு கிலோ டப்பா ஒன்று காலாவதியாகும் வரை அலமாரியை அலங்கரித்தது. சிறு பாக்கெட்டுகளாக மூன்று நான்கு வகை போதும்.

அதைவிட முக்கியம் மருந்துப் பட்டியல். சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், நீர் பிரியும் மாத்திரை என எதை எடுத்தாலும் அறுவைக்கு மறுநாளிலிருந்து என்ன அளவு என்று எழுதி வாங்குங்கள். உணவு சட்டென்று குறைவதால் ரத்தச் சர்க்கரை சில நாட்களிலேயே இறங்கும். பழைய அளவில் இன்சுலின் போட்டால் அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். நீங்களாகவே நிறுத்துவதும் தவறு. மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கக் கூடாது. மாற்று வடிவம் உண்டா என்று கேளுங்கள்.

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரக் குறைந்த மாவுச்சத்து உணவு ஒரு தண்டனை அல்ல. இரைப்பைக்கு மேல் கல்லீரல் கிடக்கிறது. அதில் சேர்ந்த கொழுப்பு குறைந்து அது சுருங்கினால்தான் கருவிகளை நுழைக்க இடம் கிடைக்கும். 'இனிமேல் சாப்பிட முடியாதே' என்று அந்த இரண்டு வாரத்தையும் வழியனுப்பு விருந்தாக்குபவர்கள் தங்கள் அறுவையைத் தாங்களே கடினமாக்கிக்கொள்கிறார்கள். புகைப்பவர்கள் இதற்கெல்லாம் முன்பே நிறுத்தியாக வேண்டும். புகை காயம் ஆறுவதைத் தடுக்கும்; பைபாஸில் இணைப்பிடத்தில் புண் உண்டாக்கும்.

2. முதல் இரண்டு வாரம்: குடிப்பது ஒன்றே வேலை

பசியைத் தூண்டும் கிரெலின் என்னும் ஹார்மோன் பெரும்பாலும் இரைப்பையின் மேல்பகுதியில் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுகிறது. ஆகவே பசிக்காது. பலருக்குத் தாகமும் தோன்றாது. 'தேவையில்லை போலும்' என்று இருந்துவிட்டு, நான்காம் நாள் தலைசுற்றலோடு மருத்துவமனைக்குத் திரும்புபவர்களைப் பார்த்திருக்கிறேன். காரணம் வேறொன்றும் இல்லை, நீரிழப்பு.

கணக்கு எளிது. ஒரு நாளைக்குக் குறைந்தது ஒன்றரை லிட்டர் தேவை. 15 நிமிடத்துக்கு 30 மி.லி. என்றால் மணிக்கு 120. விழித்திருக்கும் 14 மணி நேரத்தில் 1,680 மி.லி. ஆகிவிடும். கைப்பேசியில் அலாரம் வையுங்கள். அந்த 30 மி.லி.யையும் ஒரே மடக்காக அல்ல, நான்கைந்து மிடறாக. வேகமாகக் குடித்தால் நெஞ்சுக்குழியில் கல் வைத்தாற்போல் அழுத்தும்.

ஓரிரு நாள் தண்ணீர், வடித்த சூப் போன்ற தெளிந்த திரவங்கள். பிறகு பால், நீர்த்த தயிர், வடிகட்டிய கெட்டிச் சூப், புரதப் பானம். சர்க்கரை சேர்த்த பழச்சாறு வேண்டாம். காற்றடைத்த பானம் வேண்டாம். சிறு பைக்குள் வாயு விரிந்தால் வலிக்கும். உறிஞ்சுகுழலும் காற்றை உள்ளே இழுக்கும் என்பதால் தவிர்க்கச் சொல்வார்கள்.

சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருந்தால் கணக்கு சரி. அடர்ந்தால் அலாரங்களை நெருக்கி வையுங்கள்.

இந்தக் கட்டத்தின் பெரிய தவறு, நன்றாக இருப்பதாக உணர்வது! வலி குறைந்திருக்கும், வாய் மட்டும் எதையாவது மெல்லத் துடிக்கும். அது வாயின் பழக்கம், வயிற்றின் பசி அல்ல. உள்ளே வெட்டித் தைத்த கோடு இன்னும் ஆறிக்கொண்டிருக்கிறது. அதன்மேல் திட உணவை அழுத்துவது ஈரச் சுவரில் சாய்வது போல.

பொழுது போகாவிட்டால் நடங்கள். மணிக்கு ஒருமுறை வீட்டுக்குள் ஐந்து நிமிடம் நடந்தாலும் காலில் ரத்தம் உறைவது குறையும். பாரம் தூக்குவது மட்டும் நான்கு முதல் ஆறு வாரம் வரை கூடாது.

3. காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இதைக் கடைசியில் எழுதுவது வழக்கம். ஆனால் தேவைப்படுவது முதல் வாரங்களில்தான்.

ஓய்வில் இருக்கும்போதும் நாடித்துடிப்பு 120-ஐத் தாண்டி நிற்பது, காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, மூச்சுத் திணறல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, தண்ணீர்கூடத் தங்காத வாந்தி, கருத்த மலம் அல்லது ரத்த வாந்தி ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். துளைவழி அறுவைக்கு நிரப்பிய வாயுவால் தோள்பட்டை சில நாள் வலிப்பது இயல்பு. அதோடு காய்ச்சலோ படபடப்போ சேர்ந்தால் இயல்பல்ல, தையலில் கசிவு இருக்கலாம். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற வாக்கியத்தை இந்த மாதத்துக்கு மறந்துவிடுங்கள்.

4. மசித்ததிலிருந்து மென்மைக்கு, மென்மையிலிருந்து வழக்கத்துக்கு

பெரும்பாலான அட்டவணைகளில் மூன்றாம், நான்காம் வாரம் மசித்த உணவு. ஐந்தாம், ஆறாம் வாரம் மென்மையானது. எட்டாம் வாரத்தை ஒட்டி வழக்கமான உணவு. மசித்தது என்றால் கட்டியே இல்லாமல் கரண்டியிலிருந்து வழியும் பதம். ஒரு வேளைக்கு இரண்டு முதல் நான்கு மேசைக்கரண்டி தாராளம்.

புதிய உணவை ஒரு நாளைக்கு ஒன்று வீதம் மட்டும் சேருங்கள். ஒரே தட்டில் மூன்று புதியவை இருந்து குமட்டினால் குற்றவாளி யார் என்று தெரியாது. பிறகு மூன்றையும் ஒதுக்கிவிடுவீர்கள். முட்டை பலருக்கு முதலில் ஒவ்வாது. பால் சிலருக்கு வயிற்றுப்போக்கைத் தரும். ஒரு மாதம் கழித்து மீண்டும் முயலுங்கள். பெரும்பாலும் சமாதானம் ஆகிவிடும்.

அவசரப்பட்டு அடுத்த கட்டத்துக்குத் தாவுவது எல்லோருக்கும் தெரிந்த தவறு. அதன் எதிர்த்தவறு யார் கண்ணிலும் படுவதில்லை: மென்மையான உணவிலேயே தங்கிவிடுவது. அது சுகமாக இறங்குகிறது, வலிப்பதில்லை. அதனாலேயே வயிற்றில் நிற்பதும் இல்லை. மூன்றாம் மாதத்துக்குப் பிறகும் கூழும் கஞ்சியுமாக ஓட்டுபவர்கள் அதிகம் சாப்பிட்டும் நிறைவு காணமாட்டார்கள்.

5. ஒரு வேளைச் சாப்பாட்டைச் சாப்பிடும் முறை

அறுவைக்கு முன்பு உணவை அரைக்கும் வேலையில் பெரும்பங்கை வயிறு பார்த்துக்கொண்டது. இப்போது அந்த வேலை பற்களுக்கு வந்துவிட்டது. இதை உடல் ஏற்கும்வரை ஒவ்வொரு வேளையையும் படிப்படியாகச் செய்ய வேண்டும்.

முதலில், சாப்பாட்டுக்குப் 15 நிமிடம் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். சாப்பிடும்போது குடிக்க வேண்டாம். முடித்து 30 நிமிடம் வரை குடிக்க வேண்டாம். கூடவே குடித்தால் ஒன்று, இடம் போதாமல் வலிக்கும். இல்லையென்றால் நீர் உணவைக் கீழே அடித்துச் சென்றுவிடும், அரை மணியில் மறுபடி கை நீளும். புதியவர்களுக்கு மிகக் கடினமான விதி இதுதான். தண்ணீர்ப் பாத்திரத்தை மேசையிலிருந்தே எடுத்துவிடுவது நல்ல தந்திரம்.

தட்டில் முதலில் புரதம், அடுத்து காய்கறி, இடம் மிஞ்சினால் மட்டும் மாவுச்சத்து. வரிசையை மாற்றினால் மூன்று வாய் ரொட்டியிலேயே வயிறு நிரம்பிவிடும். புரதம் தட்டிலேயே கிடக்கும்.

ஒவ்வொரு வாயும் பட்டாணி அளவு. இருபது இருபத்தைந்து முறை மென்று, கூழான பிறகு விழுங்குங்கள். விழுங்கியதும் கரண்டியைக் கீழே வையுங்கள். கையில் கரண்டி இருந்தால் அது அடுத்த வாயைத் தேடிப் போகும். ஒரு நிமிடம் கழித்து அடுத்தது. மொத்தம் 20 முதல் 30 நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் அது சாப்பாடு அல்ல, கொறிப்பு. மிச்சத்தை எடுத்து வையுங்கள்.

நிறுத்த வேண்டிய இடத்தை உடல் சொல்லும், ஆனால் பழைய மொழியில் சொல்லாது. விக்கல், மூக்கில் நீர் வடிதல், தும்மல், தானாக வரும் ஒரு பெருமூச்சு, மார்பெலும்புக்குக் கீழே லேசான அழுத்தம் எனப் பல வடிவம். எனக்கு மூக்குதான். வந்த கணமே நிறுத்துங்கள். இன்னும் ஒரு வாய்தான் என்றால், வலியைத் தருவது அந்த ஒரு வாய்தான்.

உணவு சிக்கிக்கொண்டால் வாயில் நுரைபோன்ற எச்சில் ஊறும். தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்க்காதீர்கள். அடைத்த வாய்க்காலில் மேலும் நீர் விடுவது போல அது மேலேதான் வரும். எழுந்து மெல்ல நடங்கள். இறங்கும், அல்லது வெளியே வரும். பிறகு அன்று முழுவதும் திரவம் மட்டும். அடிக்கடி சிக்குபவை: மீண்டும் சூடாக்கிய உலர்ந்த இறைச்சி, மாவாக உருளும் மெத்தென்ற ரொட்டி, குழைந்த சோறு, நார் நிறைந்த காய். வாரத்துக்குப் பல முறை சிக்கினால் அது உங்கள் வேகத்தின் குறை மட்டுமல்ல, இணைப்போ குழாயோ குறுகியிருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஸ்லீவ் செய்தவர்களுக்கு நெஞ்செரிச்சல் ஒரு தனித் தொல்லை. படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே கடைசி வேளையை முடித்துவிடுவது பாதி நிவாரணம்.

6. புரதக் கணக்கு

நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் என்பது பொதுவான இலக்கு. இது குறைந்தால் உடல் கொழுப்போடு தசையையும் எரிக்கும். தராசு இறங்கும், கால்களில் வலு இருக்காது.

ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம், ஒரு குவளைப் பாலில் 6 முதல் 7, நூறு கிராம் வெந்த கோழியில் 30-ஐ ஒட்டி, நூறு கிராம் வெந்த பருப்பில் 8 அளவில். கூட்டிப் பார்த்தாலே தெரியும், முதல் மாதங்களில் உணவால் மட்டும் எட்ட முடியாது. பொடி தேவை. சைவ உணவு உண்பவர்களுக்கு இன்னும் நீண்ட காலம் தேவைப்படும், ஏனென்றால் பருப்பில் புரதத்தோடு மாவுச்சத்தும் சேர்ந்தே வந்து இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்து, குறிப்பேட்டில் எழுதுங்கள். மனக்கணக்கு எப்போதும் நமக்குச் சாதகமாகவே வரும்.

7. மாத்திரைகள்: ஆயுள் முழுவதும்

'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்று இரண்டாம் ஆண்டில் நிறுத்துபவர்கள்தான் அதிகம். பி12 கல்லீரலில் ஆண்டுக்கணக்கில் சேமிப்பாக இருக்கும். அதனால் குறை தாமதமாகவே தெரியும். தெரியும்போது அது கால் மரத்துப்போவதாக, நினைவு தடுமாறுவதாக வரும்.

பொதுவாகப் பரிந்துரைப்பவை: மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, நாளைக்கு 1,200 முதல் 1,500 மில்லி கிராம் கால்சியம், இரும்புச்சத்து. மாதவிலக்கு உள்ள பெண்களுக்கும் பைபாஸ் செய்தவர்களுக்கும் இரும்பு கூடுதலாக, 45 முதல் 60 மில்லி கிராம் வரை வேண்டும். உங்கள் அளவை ரத்தப் பரிசோதனை முடிவு செய்யட்டும்.

எடுக்கும் நேரம் அளவைப் போலவே முக்கியம். கால்சியமும் இரும்பும் ஒரே வாசலில் நுழையப் பார்ப்பவை. இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். கால்சியத்தை ஒரே தடவையில் 500, 600 மில்லி கிராமுக்கு மேல் விழுங்கினால் மிச்சம் உறிஞ்சப்படாது. நான் கடைப்பிடித்தது: காலை எட்டு மணிக்கு மல்டிவைட்டமினும் இரும்பும், பதினொன்று, நான்கு, இரவு ஒன்பது மணிக்குக் கால்சியம். கால்சியத்தில் சிட்ரேட் வகையாகக் கேளுங்கள். அது கரைய வயிற்று அமிலம் தேவையில்லை. இரும்போடு தேநீரோ காபியோ சேரக் கூடாது.

வாந்தி சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் தையமின் என்னும் பி1 பற்றி மருத்துவரிடம் நீங்களே பேச்சை எடுங்கள். உடலில் அதன் சேமிப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான். தீர்ந்தால் பார்வையும் நடையும் தடுமாறும், மூளைக்கு நிலையான பாதிப்பு வரலாம்.

இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி நிவாரணிகள், குறிப்பாகப் பைபாஸ் செய்தவர்களுக்கு, புண் உண்டாக்கும். பல் மருத்துவரிடம் போனாலும் அறுவையைப் பற்றி முதலில் சொல்லுங்கள். வேகமாக இளைக்கும்போது பித்தப்பைக் கல்லும் வரும். அதைத் தடுக்க முதல் ஆறு மாதத்துக்கு மாத்திரை தந்தால் தவறவிடாதீர்கள். ரத்தப் பரிசோதனை மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில், பிறகு ஆண்டுதோறும்.

மூன்றாம் மாதத்தை ஒட்டி முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும். எடை வேகமாகக் குறைந்ததன் அதிர்ச்சி அது. புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் ஓராண்டுக்குள் பெரும்பாலும் திரும்ப முளைக்கும். விலையுயர்ந்த எண்ணெய்க்குச் செலவிடும் முன் ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பு) அளவைப் பாருங்கள்.

8. இனிப்பு உண்டதும் வரும் படபடப்பு

டம்பிங் என்று சொல்வார்கள். பைபாஸில் அதிகம், ஸ்லீவிலும் உண்டு. இனிப்பு சிறுகுடலுக்குள் மொத்தமாகக் கொட்டி நீரை இழுப்பதால், அரை மணிக்குள் வியர்வை, படபடப்பு, வயிற்றைப் புரட்டல், வயிற்றுப்போக்கு. படுத்து ஓய்வெடுங்கள், அடங்கும்.

ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவது வேறு. அதில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து ரத்தச் சர்க்கரை தாழ்கிறது. நடுக்கம், குழப்பம், மயக்கம் வரை போகும். அந்த நேரத்துக்குச் சிறிது சர்க்கரையும், அடுத்துப் புரதமும் எடுங்கள். அடிக்கடி வந்தால் வண்டி ஓட்டுவதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்.

9. நகராத தராசு

மூன்றாம் வாரத்தை ஒட்டி எடை நிற்கும். எல்லோரும் பதறுகிறார்கள். முதலில் இறங்கியதில் கணிசமான பங்கு, உடல் கிளைகோஜன் என்ற வடிவில் சேமித்த மாவுச்சத்தும் அதோடு ஒட்டியிருந்த நீரும். அந்த நீர் சமநிலைக்கு வரும்போது முள் சில நாள், சில நேரம் இரண்டு வாரம் நிற்கும். இன்னும் குறைத்துச் சாப்பிடுவது தீர்வல்ல. வாரம் ஒருநாள், ஒரே நேரத்தில் மட்டும் எடை பாருங்கள். மாதம் ஒருமுறை இடுப்பை அளந்து எழுதுங்கள்.

10. மேசையைச் சுற்றி இருப்பவர்கள்

விருந்தில் 'இவ்வளவுதானா?' என்று கேட்பார்கள். முழு விளக்கம் தர வேண்டியதில்லை. சிறு தட்டில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுபவரை யாரும் கவனிப்பதில்லை. வெறும் கையோடு உட்காருபவரைத்தான் கவனிக்கிறார்கள்.

சாப்பாட்டை இழந்த துக்கம் என்று ஒன்று இருக்கிறது. இதைச் சொல்ல வெட்கப்படுகிறார்கள். எனக்கு ஆறாம் வாரத்தில், பிறர் சாப்பிடுவதைப் பார்த்தே அழுகை வந்தது. சோர்ந்த நாட்களை உணவால் கடந்தவர்களுக்கு அந்த வழி அடைபட்டால் வேறு வழி தேட வேண்டும்; சிலருக்கு அது மதுவாகிவிடுகிறது. பைபாஸுக்குப் பின் மது வேகமாக ரத்தத்தில் ஏறும், போதை நீடிக்கும். மனச்சோர்வு வாரக்கணக்கில் தொடர்ந்தாலோ, வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒருமுறை தோன்றினாலோ, அதையும் அறுவையின் பின்விளைவாகவே கருதி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெண்களுக்கு ஒரு சொல்: எடை குறையும்போது கருவுறும் வாய்ப்பு கூடும். ஆனால் 12 முதல் 18 மாதம் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதால் வேறு முறையைக் கேட்டு வாங்குங்கள்.

11. பசி திரும்பும்போது

பெரும்பாலும் முதல் ஆண்டின் பிற்பாதியில் பசி திரும்பும். 'அறுவை தோற்றுவிட்டது' என்று நினைக்கிறார்கள். இல்லை, எதிர்பார்க்க வேண்டியதுதான். அதற்குள் கடிகாரப்படி உண்ணும் பழக்கம் ஊறியிருந்தால் பசி வெறும் செய்தியாக வந்து போகும். பசிக்காத மாதங்களில் கிடைத்ததைக் கிடைத்தபோது கொறித்து ஓட்டியவர்களிடம் அது அதிகாரத்தோடு வரும்.

வறுவல், ரொட்டித்துண்டு, ஐஸ்கிரீம் போன்றவை மென்றதும் குழைந்து வழுக்கிப் போய்விடும். சின்ன வயிறு அவற்றைத் தடுக்காது. நாள் முழுக்க உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம். எடை மறுபடி ஏறியவர்களின் குறிப்பேட்டைப் புரட்டினால் பெரிய விருந்துகள் இருக்காது, இவைதான் இருக்கும். அல்லது குறிப்பேடே இருக்காது.

தாழ்ந்த எடையிலிருந்து சில கிலோ ஏறுவது வழக்கம். ஐந்து கிலோவைத் தாண்டினால் மீண்டும் முதல் மாதத்துக் குறிப்பேட்டைத் திறங்கள்: ஒரு வாரம், உண்டதும் குடித்ததும் மணியோடு. எது நழுவியது என்பது பெரும்பாலும் மூன்றாம் நாளிலேயே தெரிந்துவிடும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கும் பழக்கமா என்பதை முதலில் பாருங்கள்.